மழைக்கு நிறமிடுதல்



விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ளது மயிலம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, அவ்வூரில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று.

இம்மழையைக் கணிப்பொறியில் படமாக வரைய விரும்பும் மாணவருக்குப் பைத்தான் மொழியும், ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்ட மேட்பிளாட்லிப் என்னும் வரைபடத் தொகுப்பும் போதும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. கோடொன்றுக்கு நிறமிடுவது எளிது. 'ரெட்' என்று பெயர் சொல்லலாம். அல்லது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் சுழியம் முதல் ஒன்று வரை அளவு கூறலாம். இது சாயக் கலவையன்று, ஒளிக் கலவை. ஆகவே சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் பிறக்கும்!

மழையளவை நிறமாக்குவதில்தான் கவனம் வேண்டும். அதற்கு நிறவரிசை ஒன்று தேவை. முன்னாளில் இத்தொகுப்பு தானாகவே எடுத்துக்கொண்டது வானவில் போன்ற 'ஜெட்' வரிசை. அதன் நடுவிலுள்ள மஞ்சள் பளிச்சென்று கண்ணைப் பறிக்க, மழையில் இல்லாத எல்லைக்கோடு படத்தில் தோன்றும். 2017 முதல் அவ்விடத்தில் 'விரிடிஸ்' அமர்ந்தது. கருமையான ஊதாவில் தொடங்கி மஞ்சள் வரை ஒளி சீராக ஏறுவதால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவரும் அதைப் படிக்கலாம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை குலையாது.

எனினும், ஒரு பொறி இருக்கிறது. எல்லையை நாம் கூறாவிட்டால், அன்றன்றைய மிகப் பெரிய எண்ணுக்கே கணிப்பொறி மஞ்சளைக் கொடுத்துவிடும். ஐந்து சென்டிமீட்டர் பெய்த நாளும் மஞ்சள். மயிலம் மூழ்கிய நாளும் மஞ்சள்! இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஆதலால் வி-மின் என்பதற்குச் சுழியமும், வி-மேக்ஸ் என்பதற்கு 50-உம் இரு படங்களிலும் ஒன்றாகவே கொடுங்கள். சிறுமழை நாளின் படம் முழுதும் ஊதாவாய் மங்கிக் கிடக்கும். கிடக்கட்டும், அன்று பெய்தது அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையில் மஞ்சளுக்கு மேல் ஆரஞ்சும், அதற்கு மேல் சிவப்பும் உண்டு. அதற்குப் பழகிய திண்டிவனத்துக்காரர் உங்கள் மஞ்சளைக் கண்டு, 'ஆபத்து பெரிதில்லை' என்று எண்ணக்கூடும். எனவே படத்தின் பக்கத்தில் நிற அளவுகோலை வரைந்து, அதன் உச்சியில் '50 சென்டிமீட்டர்' என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள்.