இளவேனில் தோட்டமும் களையெடுப்பும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர் பலரும் வழிவழியாக உழவர்கள். அசி, மசி, கிருஷி முதலிய ஆறு தொழில்களை உலகுக்குக் கற்பித்தவர் ஆதிநாதர் என்பது நம் புராண மரபு; அவ்வாறனுள் உழவும் ஒன்று. ஆயினும் ஜினாலயத்தை ஒட்டிய நிலத்தில் சில குடும்பங்கள் கூடி நஞ்சில்லாக் காய்கறித் தோட்டம் இட முனைந்தால், முதலில் எழுவது ஓர் ஐயம். புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியலே வகுத்துள்ளது. அவ்வாறிருக்க, களையைப் பறிப்பது தகுமோ?

இவ்வையத்தைச் சிரித்து ஒதுக்குவது முறையன்று. சமண நூல்கள் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பிரிக்கின்றன. கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் முதல்வகையை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். உழவில் நேர்வது உத்யோகி இம்சை. அதனை முற்றத் துறத்தல் துறவிக்கே இயலும், இல்லறத்தார் குறைத்துக்கொள்ளவே கடவர். எனினும் அநர்த்ததண்ட விரதம் இங்கே வாயில்காப்போன்போல் நிற்கிறது. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், பயனின்றி நீரை இறைத்தல், பயனின்றிச் செடியை வெட்டுதல் ஆகியவற்றை இரத்தினகரண்டக சிராவகாசாரம் விலக்குகிறது. கொலைக்குக் கருவியாவனவற்றைப் பிறர்க்கு வழங்குதலையும் அது விலக்குகிறது. அப்பட்டியலில் நஞ்சும் உண்டு. களைக்கொல்லிப் புட்டியை அண்டை வீட்டாருக்கு இரவல் தருவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

களைக்கொல்லிகளுள் பெயர்பெற்ற கிளைஃபோசேட்டை உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டு, மனிதர்க்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைக்கக் கூடியது என்னும் வகையில் சேர்த்தது. 2022ஆம் ஆண்டு நடுவண் அரசு அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில்முறையாளர்க்கு மட்டும் உரியதாக வரையறுத்தது. ஆகவே தோட்டத்துக்கு வெளியே அதனை நிறுத்துவதில் அறமும் சட்டமும் ஒருமுகமாகவே உள்ளன.

இனிச் செய்ய வேண்டுவது என்ன? விதைக்கு முன்பே களையை எண்ண வேண்டும். இளவேனிலில் நிலத்தைப் பண்படுத்திப் பாத்தி கட்டியதும் விதைத்துவிடுவது பலருடைய வழக்கம். மாறாக, பாத்திக்கு நீர் பாய்ச்சிப் பத்துப் பதினைந்து நாள் வாளா விடுதல் நன்று. மேல்மண்ணில் உறங்கிய களைவிதைகள் முளைத்து இரண்டிலை விடும். அப்பொழுது களைக்கொட்டால் ஓரங்குல ஆழத்துக்கு மேற்படாமல் சீவிவிட்டு, அதன்பின் வெண்டை, கொத்தவரை, பீர்க்கு, புடல், பாகல், தண்டுக்கீரை ஆகியவற்றை விதைக்கலாம். ஆழக் கொத்தினால் அடியிற் கிடக்கும் விதைகள் ஒளிகண்டு மேலும் முளைக்கும். மண்வாழ் உயிர்களும் மிகுதியாக மடியும். குறைவாகத் தோண்டுதல் இருவகையாலும் நன்மையே. இத்தோட்டத்தில் கிழங்கு பயிரிடுவதில்லையாதலால், அறுவடைக்காக மண்ணைப் புரட்டும் தேவையும் இல்லை.

கிழங்குகளை உண்ணாத நம்மவரை ஒரு கிழங்கே பெரிதும் துன்புறுத்துவது வேடிக்கைதான். கோரையைச் சொல்கிறோம். அதன் மேற்புல்லைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மீண்டும் துளிர்க்கும். ஒரு கிழங்கோடு மற்றொன்று சங்கிலிபோல் பிணைந்திருக்கும். மண்வெட்டியால் அறுத்தால் ஒன்று பலவாகும். ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் ஈரமண்ணை நான்கு முதல் ஆறு வாரம் மூடி வெயிலில் வேகவைக்கும் முறை ஒன்று கூறப்படுகிறது. அது களைவிதைகளுட் பலவற்றை அழிக்கும்; கோரைக்கிழங்கின் மீது அதன் ஆற்றல் உறுதியானதன்று. மேல்மண்ணில் ஊரும் சிற்றுயிர்களோ அவ்வெப்பத்துக்குத் தப்பா. நம் தோட்டத்துக்கு அம்முறை பொருந்தாது. சருகைக் கொளுத்துவதும் அவ்வாறே.

கோரைக்கு நிழல் ஆகாது. அதனைப் பற்றிய இவ்வொரு செய்தியே போதும். இரு வாரத்துக்கு ஒருமுறை துளிரை மண்மட்டத்தில் அரிந்து வந்தால் கிழங்கில் சேர்த்துவைத்த உணவு மெல்லக் குறையும். அத்துடன் தட்டைப்பயறும் பூசணிக்கொடியும் படர்ந்து நிழல் செய்தால் கோரை மெலியும். ஒரே பருவத்தில் முற்றும் போய்விடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். இரண்டு மூன்று பருவம் பொறுத்தல் வேண்டும்.

எஞ்சிய களைகளுக்கு மூடாக்கே சிறந்த துணை. வைக்கோல், சருகு, கடலைத்தோல் எது கிடைப்பினும் மூன்று நான்கு அங்குலம் பரப்ப வேண்டும். செடியின் தண்டை ஒட்டி இரண்டு மூன்று விரல் இடம் விட வேண்டும், இன்றேல் தண்டு அழுகும். வைக்கோலில் விதைகள் எஞ்சியுள்ளனவா என்று உதறிப் பார்ப்பது நலம். மூடாக்கின் கீழ் மரவட்டையும் மண்புழுவும் எறும்பும் குடியேறும். அது குறையன்று, ஆனால் மூடாக்கை விலக்குவோர் மெல்ல விலக்க வேண்டும். களையெடுப்பைப் பகலொளியில் மட்டும் செய்தலும் இதனாலேயே. இரவில் உண்ணாமைக்குக் கூறும் காரணம் இங்கும் பொருந்தும்: கண்ணுக்குப் புலப்படாத உயிரைக் கை அறியாது.

விதைத்தபின் முதல் ஐந்தாறு வாரமே பயிருக்கு நெருக்கடியான காலம். அதுவரை களையை அடக்கிவைத்தால் பின்னர்ப் பயிரின் இலையே நிழல் தந்து காத்துக்கொள்ளும். அதன்பின் வரப்போரம் நிற்கும் தும்பையையும் குப்பைமேனியையும் தேடிச்சென்று பறிப்பது பயனற்ற வெட்டு. வண்டுகளுக்கும் தேனீக்களுக்கும் அவை பூத்தரட்டும். பருப்புக்கீரை, குப்பைக்கீரை, மூக்கிரட்டை ஆகியவற்றைப் பறித்தால் அடுப்பங்கரைக்கே அனுப்பலாம். நம் பாட்டிமார் இவற்றைக் களை என்று அழைத்ததில்லை. பார்த்தீனியம் மட்டும் விலக்கு. ஒரு செடியே பல்லாயிரம் விதை சிந்தும்; தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு எடுத்துவிட வேண்டும்.

திருக்குறளின் உழவு அதிகாரம், ஏரினும் எருவையும், களையெடுத்தபின் நீரினும் காவலையும் உயர்வாகக் கூறுகிறது. செங்கோன்மை அதிகாரமோ கொடியோரை ஒறுக்கும் வேந்தன் செயலைப் பயிரிற் களையெடுப்பதற்கு ஒப்பிடுகிறது. பயிர்காத்தல் என்னும் கடமையாகவே களையெடுப்பை அந்நூல் கண்டது, பகையாக அன்று.

கூட்டுத் தோட்டத்துக்கே உரிய இடர் ஒன்று உண்டு. பாத்திகளைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வர். நடைபாதையோ எவருக்கும் உரியதன்று. களைவிதை பெரும்பாலும் அங்கிருந்தே பரவும். வெளியூரில் பணிபுரியும் ஒரு குடும்பம் ஒரு மாதம் வாராதொழியின் அப்பாத்தியில் சாரணை விதைத்துத் தள்ளும். அவ்விதை பக்கத்துப் பாத்தியின் எல்லையை அறியாது. பிறகு தோன்றுவது மனக்கசப்பு. ஆதலின் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்தல் வேண்டும்: பாதையில் தடித்த சருகு போடுதல் அனைவருக்கும் பொது, இரண்டு வாரத்துக்கு மேல் வர இயலாதவர் முன்கூட்டியே சொல்லிப் பாத்தியைப் பக்கத்தாரிடம் ஒப்படைத்தல், அந்நாள்களில் காய்த்த காய் பார்த்துக்கொண்டவர்க்கு உரியது.

முதற் கோடைமழை பெய்த மறுநாள் காலை மண் நெகிழ்ந்திருக்கும். இளங்களை வேரோடு எளிதில் வரும். பள்ளி விடுமுறைக்கு ஊர் வரும் பேரப்பிள்ளைகளை அன்று தோட்டத்துக்கு அழைத்துச் செல்வது நன்று. எது வெண்டை, எது களை என்று பெரியோர் முதலில் காட்டிவிடட்டும்.