ஒரே உடலில் ஒரு கணிப்பொறி

மேசைக் கணிப்பொறி என்றவுடன் ஒரு திரை, ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் கம்பிகள் என்ற காட்சியே நம் மனத்தில் எழும். அந்தப் பெட்டியைத் திரையின் முதுகிலேயே அடக்கி, திரையை விரலால் தொட்டும் இயக்கலாம் என்று அமைத்த கருவியைக் கடைக்காரர்கள் 'ஆல் இன் ஒன்' என்கின்றனர். பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளாதலின், அதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது நலம்.

இக்கருத்து புதியதன்று. தொடுதிரையைப் பற்றி இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பார் 1965 ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1983 இல் ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனம் தொடுதிரை கொண்ட எச்.பி.-150 என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. 1998 இல் வந்த ஐமாக், தொடுதிரை இல்லாததாயினும், ஒரே உடலில் அமைந்த கணிப்பொறிக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது.

முதலில் நிறைகள். இடம் மிகக் குறைவாகவே பிடிக்கும். ஒரு மின்கம்பியைச் செருகினால் போதும். இரண்டறைக் குடியிருப்பில் வாழ்பவர்க்கும், சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றல் உத்தரவு பெற்று ஊர்விட்டு ஊர் செல்பவர்க்கும் இது சிறிய வசதியன்று. சுட்டியைப் பிடித்துப் பழகாத முதியோர், திரையில் தோன்றும் பேரக்குழந்தையின் படத்தைத் தொட்டே அழைத்துப் பேசலாம். பிற மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுக்கு மற்றுமொரு நன்மை உண்டு. சாதாரண விசைப்பலகையில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டுள்ளன. தொடுதிரையிலோ தமிழ் விசைப்பலகையையே தோன்றச் செய்யலாம். குழந்தை 'அ' என்ற எழுத்தைக் கண்ணால் கண்டு, விரலால் தொட்டு எழுதும்.

இனிக் குறைகள். நிமிர்ந்து நிற்கும் திரையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தால் தோள் விரைவில் சோர்ந்துவிடும். நாள் முழுவதும் தட்டச்சு செய்யும் என் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்குத் தொடுதிரையால் பயன் சொற்பமே, விசைப்பலகைதான் துணை. மடிக்கணினியைப் போல் இதில் பெரும்பாலும் மின்கலம் இராது. மின்சாரம் நின்றால் எழுதிக்கொண்டிருந்தது போய்விடும், ஆகவே யூ.பி.எஸ். செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய குறை, அதன் பெருமையிலேயே அடங்கியிருக்கிறது. ஒரே உடலாக இருப்பதால் ஓர் உறுப்பின் நோய் முழு உடலையும் முடக்குகிறது. தனித்தனிக் கருவிகளாயின், பழுதான திரையை மட்டும் மாற்றலாம். இங்கே திரை உடைந்தால் கணிப்பொறியும் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். உள்ளுறுப்புகள் பழமையானால் நல்ல திரையும் வீணாகும். விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகுதியற்ற பல கணிப்பொறிகளில், தெளிவாக ஒளிரும் திரைகளும் இருந்தன. தனித்திரையாயின் அதனைப் புதிய பெட்டியுடன் இணைத்திருக்கலாம்.

ஆகவே, வாங்குமுன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னர் மாற்ற இயலுமா? வேறொரு கணிப்பொறியின் படத்தை இத்திரையில் காட்ட எச்.டி.எம்.ஐ. உள்வாயில் இருக்கிறதா? நீங்கள் வாழும் ஊரில் இதனைப் பழுதுபார்ப்பவர் உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வந்தால், குடும்பம் முழுதும் கூடிப் பயன்படுத்தும் கூடத்திற்கு இது ஏற்ற பொருளே. விடை 'இல்லை' என்றாலும், நெடுநேரம் எழுதுவதே உங்கள் வேலை என்றாலும், தனித் திரையும் தனிப் பெட்டியுமே நெடுநாள் உழைக்கும். கடை விளக்கொளியில் மின்னும் அழகைவிட, ஐந்தாம் ஆண்டில் அது எப்படி இருக்கும் என்ற எண்ணமே நம் பணத்திற்குக் காவல்.