அம்பாறைக்குப் போகும் கோப்பு

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே,

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கல்முனை மாநகர எல்லைக்குள் குடியிருக்கும் பட்டதாரிகள் நினைத்துப் பாருங்கள். 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல். இரண்டுக்கும் விரலில் மை பூசினீர்கள். உங்கள் தெருக் குப்பையை அள்ளுகிற சபைக்கு எப்போது வாக்களித்தீர்கள்? அந்தத் தேர்தல் கடைசியாக நடந்தது 2018 பெப்ரவரி 10 இல். உங்களில் பெரும்பாலோருக்கு அன்று வாக்களிக்கும் வயதே இல்லை. 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. 2025 மே 6 இல் நாடெங்கும் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, ஒரு வழக்கின் காரணமாகக் கல்முனைக்கு மட்டும் வாக்குப்பெட்டி வரவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலமோ 2017 செப்டம்பரோடு சரி.

சபை இல்லாவிட்டால் அதிகாரம் ஆவியாகிவிடுவதில்லை. ஆளுநரின் மேசையிலும் மாநகர ஆணையாளரின் மேசையிலும் அது பத்திரமாக இருக்கிறது. இருவரையும் நாம் தெரிவு செய்யவில்லை.

கொழும்பை ஏசுவது நமக்குச் சுகமான வேலை. ஏசவும் காரணம் உண்டு. ஒலுவிலில் இருக்கும் இந்த மண்டபத்திலிருந்து கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். துறைமுகங்கள் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயம். ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் அடைத்தது; வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது, தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தீர்மானம் கொழும்பில் எடுக்கப்பட்டது, மண் போனது இங்கே.

ஆனால் நம் பக்கத்தையும் பேச வேண்டும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி பாடசாலைக் கல்வியில் பெரும்பகுதி மாகாணத்துக்குரியது. தேசிய பாடசாலைகள் மட்டும் மத்திய அமைச்சின் கீழ். கல்முனை ஸாஹிராவும் மஹ்மூத் பாலிகாவும் அப்படிப்பட்டவை. ஒரு பாடசாலை தேசிய பாடசாலையானால் ஊரெல்லாம் பதாகை கட்டுகிறோம். அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘தரமுயர்வு’. கையை விட்டுப் போவதற்கு உயர்வு என்று பெயர்! மாகாணத்தின் கையில் பணமில்லை என்பதும் உண்மை. பெற்றோரை நான் குறை சொல்லவில்லை.

அந்தத் திருத்தம் வந்த 1987 ஒரு விசித்திரமான ஆண்டு. மாகாண சபைகளை உண்டாக்கிய அதே ஆண்டில்தான் பிரதேச சபைகள் சட்டமும் வந்தது. 1980களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்ட பழைய கிராம சபைகளும் பட்டின சபைகளும் அதோடு திரும்பி வராமலே போயின. கல்முனைப் பட்டின சபை, கரவாகு வடக்கு, தெற்கு, மேற்குக் கிராம சபைகள் என்று நம் மூத்தவர்கள் இன்றும் விரல் மடக்கிச் சொல்வார்கள். அந்த நான்கின் பகுதிகளும் ஒரே சபைக்குள் வந்தன. மாகாணத்துக்கு ஒரு கை கொடுத்தது, ஊரிடமிருந்து மறு கை எடுத்தது.

எடுத்ததைத்தான், மாநகர எல்லைக்குள் இருக்கும் சாய்ந்தமருது தனிச் சபையாகத் திரும்பக் கேட்டது. 2017 இல் கடைகளை மூடிக் கேட்டது. 2018 இல் பள்ளிவாசலின் ஆதரவோடு சுயேச்சைக் குழுவை நிறுத்திக் கேட்டது. 2020 பெப்ரவரியில் நகர சபை என்று வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. மறுபுறம், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழ் மக்கள் 2019 இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். கொழும்பிடம் அதிகாரம் கேட்கும்போது நம் குரல் ஓங்குகிறது. சாய்ந்தமருதோ, தமிழர் வாழும் பாண்டிருப்போ நம்மிடம் கேட்கும்போது தொண்டை கட்டிக்கொள்கிறது. அவர்களுக்கு நாம்தான் கொழும்பு. பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். சின்னச் சபைக்குச் சோலைவரி போதுமா என்ற கேள்வி வெறும் சாக்கு அல்ல. எல்லைக் கோடு எந்த ஒழுங்கையால் போகும் என்பதும் அப்படித்தான். ஆனால் இந்தக் கேள்விகளை எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல், அமைச்சரைப் பிடித்து வர்த்தமானி எடுக்கவும் நிறுத்தவும் ஓடினோம். நம் ஊர் எல்லையைக் கொழும்பே கீறட்டும் என்று விட்டவர்கள் நாம்தான்.

உங்களில் சிலர் விரைவில் அரச அலுவலக மேசையின் அந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள். காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை தாண்டி, ஒரு கையெழுத்துக்காக அம்பாறைக் கச்சேரிக்கு அலைந்த கதை உங்கள் வாப்பாமாரிடம் இருக்கும். அரசாங்க அதிபரிடமிருந்த பல அதிகாரங்கள் 1992 இன் 58ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச செயலாளருக்கு மாற்றப்பட்டன. மேலே அனுப்புகிற பழக்கம் மட்டும் மாறவில்லை. ‘இதை அம்பாறைக்கு அனுப்ப வேணும், அடுத்த கிழமை வாங்க’ என்று சொல்வது எளிது; பொறுப்பும் நம் தலையில் விழாது. அப்படிச் சொல்ல வாய் வரும்போது, சட்டப் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அந்தக் கையெழுத்து உங்கள் அலுவலகத்திலேயே போடக்கூடியதாக இருக்கலாம்.

பெயர்கள் வாசிக்க வேண்டிய பட்டியல் நீளமாக இருக்கிறது, ளுஹர் தொழுகைக்கும் நேரமாகிறது. நான் அமர்கிறேன்.