‘தாழ்வான பகுதி’ என்றால் யாருடைய வீடு?

(பருவமழை முன்னேற்பாடு குறித்து, குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்கும் தன்னார்வலர்களுக்கும் நடந்த பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

மழையைப் பற்றிப் பேசப் போகிறேன்னு சொன்னதும் ரெண்டு மூணு பேர் ஜன்னல் பக்கம் பார்த்தீங்க. இன்னைக்கு நல்ல வெயில்தான், பயப்படாதீங்க.

அரசு சொல்றதை மக்களுக்குப் புரிகிற தமிழில் எழுதுவதுதான் என் வேலை. அதனால வெள்ளத்தைப் பற்றிப் பேசச் சொன்னாலும் எனக்கு முதலில் வார்த்தைகள்தான் கண்ணில் படும். வடகிழக்குப் பருவமழை வந்தால் கூடவே ஒரு வாக்கியமும் வரும்: “தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” சரி, இங்கே இருக்கிறவங்களில் யாரெல்லாம் தாழ்வான பகுதியில் குடியிருக்கீங்க? கை தூக்குங்க பார்ப்போம்.

நாலு பேர். வேளச்சேரி, முடிச்சூர், சைதாப்பேட்டையில் இருந்தெல்லாம் வந்திருக்கீங்கன்னு வருகைப் பதிவேட்டில் பார்த்தேன். ஆனால் கை நாலுதான்!

இதில் உங்க தப்பு எதுவும் இல்லை. சென்னையே கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மேற்கே பெய்கிற மழையும் அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு வழியா நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போகணும். தெற்கே தேங்க வேண்டிய தண்ணீருக்கு இருந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலமோ, பழைய பரப்பில் பெரும்பகுதியை இழந்து நிற்கிறது. மிச்சமிருப்பதற்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, அதுவரைக்கும் நல்லது. இப்படிப்பட்ட ஊரில் ‘தாழ்வான பகுதி’ என்று பொதுவாகச் சொன்னால், கேட்கிற ஒவ்வொருவரும் அது பக்கத்துத் தெருன்னு நினைச்சுப்பாங்க.

2015-ஐ நினைவுபடுத்திக்குங்க. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லி மீட்டர் மழை. 1918-க்குப் பிறகு எந்த நவம்பரிலும் அவ்வளவு பெய்ததில்லை. ஏரிகள் நிரம்பி, மண்ணும் ஊறிப்போய் இருந்த நேரத்தில் டிசம்பர் 1 வந்தது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது.

29,000 கன அடின்னா எவ்வளவு? டிவியில் கேட்டோம், பேப்பரில் படித்தோம், எத்தனை பேருக்குப் புரிந்தது? ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அப்போ வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டர். நம்ம தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் சொன்னால், ஒவ்வொரு வினாடியும் 68 லாரி. இப்படிச் சொன்னால் உடனே உறைக்கிறது, இல்லையா?

அந்த வெள்ளம் பற்றிய தணிக்கை அறிக்கையை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2018-ல் வெளியிட்டார். 29,000 கன அடி 21 மணி நேரம் தொடர்ந்து திறக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி, இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே அது சொன்னது. இன்னொரு பக்கம், ஆற்றில் போனது ஏரித் தண்ணீர் மட்டும் இல்லை, வழியில் இருக்கிற எத்தனையோ ஏரிகள் நிரம்பி வழிந்ததும், நகரத்துக்குள்ளேயே பெய்த மழையும் சேர்ந்துதான் அந்த வெள்ளம் என்ற வாதமும் இருக்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கு. பொறியாளர்கள் விவாதிக்கட்டும். ஆனால் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் வயசான அம்மாவோட இருந்தவருக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது கன அடிக் கணக்கு இல்லை. “உங்க தெருவுக்கு ராத்திரி இத்தனை மணிக்குத் தண்ணி வரும், இடுப்பளவு வரும், இப்பவே இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க” என்கிற ஒரு வரிதான். ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்து சேர நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் உயிர். அதை மக்கள் கையில் கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்பது என் கருத்து. அரசு வேலையில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

சொன்னால் மட்டும் போதாது, போய்ச் சேரணும். 1878-ல் தொடங்கின ‘தி இந்து’ நாளிதழ் 2015 டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை, மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாததால். கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அப்புறம் எந்த வழியா செய்தி போகும்?

இன்னைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. சில நூறு கன அடி திறந்தாலே முன்கூட்டி அறிவிப்பு வருகிறது. 2023-ல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கா? அது செல் ஒளிபரப்பு எச்சரிக்கைச் சோதனை. குறிப்பிட்ட கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிற போன்களுக்கு மட்டும் அனுப்ப முடியும் என்பதுதான் அதன் பலம். ‘டிஎன் அலர்ட்’ செயலியில் நம்ம இடத்துக்கான வானிலையும் மழை எச்சரிக்கையும் தமிழிலேயே பார்க்கலாம். ஆனாலும் போன் அணைந்துபோன வீட்டுக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகத்தான் வேணும். அதற்குப் பதில் எந்தச் செயலியும் கிடையாது. உங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு இங்கேதான் வேலை. படி இறங்க முடியாதவங்க, தனியா இருக்கிற பெரியவங்க, கர்ப்பிணிகள் எந்தெந்த வீட்டில் இருக்காங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலைத் தாளில் எழுதி வையுங்க, போனில் வேண்டாம்.

அடுத்தது, தண்ணி வடிந்த பிறகு. நிவாரணம் வாங்கும்போது பலர் கூச்சப்படுறாங்க, “கவர்மென்ட் கொடுக்குது, கிடைச்சவரைக்கும் சரி” என்கிறாங்க. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, பிரிவு 12-ஐ ஒருமுறை படிங்க. முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிட வசதி எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச அளவுகோல் வேண்டும் என்று அது சொல்கிறது. கணவரை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு, உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் உதவித்தொகை என்பதும் அதிலேயே வருகிறது. முகாமில் கழிப்பறை இல்லை என்று கேட்பது குறை சொல்வது ஆகாது, சட்டத்தில் இருப்பதைக் கேட்பதுதான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக, டோக்கன் கொடுத்து, ரொக்கமாகவே தரப்பட்டது. வங்கிக் கணக்கில் போட்டிருக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. ஏடிஎம் அட்டையே தண்ணீரில் போன வீட்டில் கேட்டால் ரொக்கத்தின் அருமை தெரியும். ஆனால் ரேஷன் அட்டை சொந்த ஊர் முகவரியில் இருக்க, வேளச்சேரியில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? அதற்காகத்தான் அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. அப்படி ஒரு படிவம் இருந்ததே தெரியாமல் விட்டுவிட்டவர்களும் இருக்காங்க. உங்க தெருவில் வாடகைக்கு இருக்கிறவங்க, கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறவங்க, இவங்களையும் கணக்கில் சேருங்க. வெள்ளம் வீட்டு உரிமையாளரா வாடகைக்காரரான்னு பார்த்து வருவதில்லை.

சான்றிதழ்கள் பற்றிக் கட்டாயம் சொல்லணும். 2015-லும் 2023-லும் தொலைந்த ஆவணங்களை மறுபடி எடுக்கச் சிறப்பு முகாம்கள் நடந்தன, 2015-ல் பாஸ்போர்ட்டைக்கூட இலவசமாக மாற்றிக் கொடுத்தாங்க. ஆனால் முகாமில் பத்தாம் வகுப்பு பதிவு எண்ணையோ பட்டா எண்ணையோ கேட்டால், அது அந்தத் தொலைந்த தாளில்தானே இருக்கும்! எண்கள் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி. எல்லாம் சேர்த்து வைக்கலாம். பட்டாவை இணையத்திலேயே பார்த்து இறக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் செப்டம்பரில் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்குள் தண்ணி வந்த பிறகு யாருக்கும் ஓடிபி ஞாபகம் வராது.

புகார் எண்கள்: மாநகராட்சிக்கு 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்துக்கு 1070. பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு, தேதி, நேரத்தோட எழுதி வையுங்க. வடிகால் அடைப்புன்னு அக்டோபரிலேயே புகார் கொடுத்திருந்தால், டிசம்பரில் “யாரும் சொல்லலையே” என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. புகைப்படமும் எடுங்க. தண்ணி எந்த அளவு வரை வந்ததோ, அந்த இடத்தில் வெளிச்சுவரில் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, ஆண்டை எழுதுங்க. வீட்டை விற்கும்போது விலை குறையும்னு சில பேர் அதை அழிச்சுடுறாங்க. வேண்டாம். அடுத்து குடிவருகிற குடும்பத்துக்கு அந்தக் கோடுதான் எச்சரிக்கை.

எனக்குக் கொடுத்த நேரம் முடிஞ்சுது. வார்டு வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருக்காங்க, 2015-லும் 2023-லும் உங்க வீட்டில் தண்ணி எவ்வளவு வந்ததுன்னு அதில் ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போங்க. இப்போ கேள்விகள். பின்வரிசையில் கை தூக்கியிருக்கிற அக்கா, முதலில் நீங்க கேளுங்க.