வராத ரயிலுக்குப் பயணிகளை எண்ணுவது எப்படி?

அடுத்த ஆண்டு முதலாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேருவார்கள்? தோட்டப் பள்ளிகளில் நாம் ஆண்டுதோறும் போடும் கணக்கு இது. லயத்தில் உள்ள சின்னப் பிள்ளைகளை எண்ணினால் மட்டும் போதாது. எந்தக் குடும்பம் பட்டணத்துக்குக் குடிபோகும் என்பதையும் பார்க்க வேண்டும். இன்னும் கட்டப்படாத இலகு ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணிப்பதும் இதே வகைக் கணக்குத்தான்.

நிபுணர்கள் இதை நான்கு படிகளாகப் போடுகிறார்கள். முதலில், ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் நாளொன்றுக்கு எத்தனை பயணங்கள் புறப்படும்? இரண்டாவது, எங்கே போவார்கள்? தொழிற்சாலைக்கா, மருத்துவமனைக்கா, சந்தைக்கா? மூன்றாவது, எதில் போவார்கள்? நான்காவது, எந்த வழியாகப் போவார்கள், எந்த நிலையத்தில் ஏறி இறங்குவார்கள்?

இவற்றுள் மூன்றாவது படி கடினமானது. ரயில் வேகமாகத்தான் ஓடும். ஆனால் நிலையத்துக்கு நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், இறங்கிய பின் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ரயிலில் இருபது நிமிடம், முன்னும் பின்னும் நாற்பது நிமிடம் என்றால், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைத்தானே மனம் நாடும்?

கணக்குத் தவறினால் என்ன ஆகும்? கோலாலம்பூரில் ‘ஸ்டார்’ ரயில் 1996லும், ‘புத்ரா’ ரயில் 1998லும் ஓடத் தொடங்கின. எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகள் ஏறவில்லை. 1997இன் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அவற்றை நடத்திய நிறுவனங்களால் கடனை அடைக்க முடியவில்லை. 2002இல் அரசாங்கமே இரண்டையும் ஏற்றுக்கொண்டது. கூட்டிப் போட்ட கணக்கின் சுமை பொதுமக்கள் பணத்தின்மேல் விழுந்தது.

குறைத்துப் போட்டாலும் நட்டம் உண்டு. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் வட்டாரத்து ஜொஹான் செத்தியா வரை திட்டமிட்ட பாதையில், பயணிகள் குறைவாக இருப்பார்கள் என்று கருதி 2018இல் ஐந்து நிலையங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தோட்டப் பெயராக நம்மவர் அறிந்த புக்கிட் ராஜாவும் அவற்றுள் ஒன்று. ஆறு பெட்டி ரயிலும் மூன்று பெட்டியாகக் குறைந்தது. 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில்தான் அந்த ஐந்து நிலையங்களையும் மீண்டும் கட்டுவதென அறிவிக்கப்பட்டது.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதற்படிக்கான கணக்கு, வீடு வீடாகக் கேட்டு எழுதும் விவரங்களிலிருந்து பிறக்கிறது. கேட்க வந்தவரிடம், வேலைக்குப் போகும் ஆண்பிள்ளையின் பயணத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பாட்டி மாதந்தோறும் மருந்து வாங்கப் போவதைச் சொல்வதில்லை. பஸ் இல்லாததால் மகள் பட்டணத்து வேலையை விட்டுவிட்டதையும் சொல்வதில்லை. போக வழியில்லாமல் நின்றுபோன பயணமும் கணக்கில் சேர வேண்டியதே.

செக்ரோலில் பெயர் விழாதவருக்கு அன்றைய கூலி இல்லை என்பது நாம் அறிந்த பாடம். எனவே விவரம் கேட்டு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். கூட்டாமல் குறைக்காமல், வீட்டிலுள்ள எல்லாருடைய போக்குவரத்தையும் சொல்லுங்கள்.