கட்டற்ற மென்பொருளை விற்பது அறமா?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியத்திற்கென்று கூடிய அவையில் கணிப்பொறி பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையிலேயே சேர்த்திருக்கிறது. நிரலுக்கும் ஆசிரியர் உண்டு, படிப்போர் உண்டு, படியெடுப்போர் உண்டு, விற்போரும் உண்டு. ஆகவே, நூலைப் பற்றி நாம் கேட்கும் அறக் கேள்விகளை நிரலைப் பற்றியும் கேட்கலாம் என்பது என் துணிபு.

இன்று நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே. பலர் கூடி எழுதி, யார் வேண்டுமாயினும் எடுத்தாளலாம் என்று உலகிற்கு அளித்த ஒரு மென்பொருளை, இன்னொருவர் விலைக்கு விற்கலாமா? அவ்வாறு விற்பது வாணிகமா, அன்றிப் பொதுச் சொத்தைக் கவர்வதா?

இக்குழப்பத்தின் ஒரு பகுதி சொல்லால் விளைந்தது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். தமிழுக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். கட்டற்ற மென்பொருள் என்பது நான்கு உரிமைகளை உடையது. எந்த நோக்கத்திற்காகவும் அதனை இயக்கலாம்; அதன் மூல நிரலை ஆராய்ந்து தன் தேவைக்கேற்ப மாற்றலாம்; படியெடுத்துப் பிறருக்கு வழங்கலாம்; மாற்றிய வடிவத்தையும் வழங்கலாம். இந்நான்கில் எதுவும் விலையைப் பற்றிப் பேசவில்லை என்பது நோக்கத்தக்கது.

இவ்வியக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன், 1983-இல் ஜிஎன்யு திட்டத்தை அறிவித்தார். 1985-இல், தாம் எழுதிய ஈமேக்ஸ் என்னும் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். கணிப்பொறி வலையமைப்பில் இணைந்திருந்தோர் அதே மென்பொருளை விலையின்றிப் பெற்றுக்கொண்டனர். அவ்வசதி அற்றோர் நாடாவை வாங்கினர். வாங்கியவர் அதனைப் படியெடுத்து நண்பருக்குக் கொடுக்கவும் தடையில்லை. விற்பனை அவருக்குப் பிழைக்க வழி செய்தது. எவருடைய உரிமையையும் குறைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான தொடக்கமும் ஒன்று உண்டு. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டபோது, அதனை வழங்குவோர் எக்கட்டணமும் பெறலாகாது, படியெடுக்கும் செலவைக்கூடக் கேட்கலாகாது என்று விதித்தார். நல்லெண்ணத்தால் எழுந்த விதிதான். ஆனால் வட்டு வாங்கிப் படியெடுத்து அஞ்சலில் அனுப்புபவருக்குச் செலவு உண்டன்றோ? விலை கூடாது என்ற தடை, மென்பொருள் மக்களிடம் சென்று சேர்வதற்கே தடையாயிற்று. 1992-இல் அவர் அவ்விதியைக் கைவிட்டு, விற்பனைக்கு இடந்தரும் ஜிஎன்யு பொது உரிமத்தை ஏற்றார். வட்டுகளில் லினக்சைத் தொகுத்து விற்றோர் பெருகியதும், லினக்ஸ் உலகெங்கும் பரவியதும் அதன் பின்னரே. 1998-இல் வகுக்கப்பட்ட ‘திறந்த மூல’ வரையறையும், விற்பனையை உரிமம் தடுக்கலாகாது என்பதையே தன் முதல் விதியாகக் கொண்டது.

நம் இலக்கிய உலகிலிருந்தே ஓர் ஒப்புமை காட்ட விரும்புகிறேன். பாரதியாரின் படைப்புகளுக்கான உரிமையை 1949-இல் சென்னை அரசு பெற்றது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. அதன்பின் எத்தனையோ பதிப்பகங்கள் பாரதியை அச்சிட்டு விற்றன; இன்றும் விற்கின்றன. மலிவுப் பதிப்பும் உண்டு; செம்பதிப்பும் உண்டு. ‘பொதுச் சொத்தை ஏன் விற்கிறாய்’ என்று நாம் எந்தப் பதிப்பாளரையும் கேட்பதில்லை. பாடத்தைத் திரித்தால் கேட்கிறோம். தம் பதிப்பைத் தவிரப் பிறர் அச்சிடலாகாது என்று ஒருவர் முன்வந்தால் வெகுண்டெழுவோம். நம் மனச்சான்று விலையை வெறுக்கவில்லை; வேலியைத்தான் வெறுக்கிறது.

எனவே விற்பது குற்றமன்று. எவ்வாறு விற்பது என்பதில்தான் அறம் நிற்கிறது. விற்பவருக்கு மூன்று கடமைகள் உண்டு என்று கருதுகிறேன்.

முதலாவது, தாம் பெற்ற உரிமையை வாங்குபவருக்கும் குறைவின்றிக் கொடுத்தல். லிங்க்சிஸ் நிறுவனத்தின் வீட்டு இணையக் கருவி ஒன்றின் உள்ளே லினக்ஸ் இயங்குவது 2003-இல் தெரியவந்தது. உரிமத்தின்படி அதன் மூல நிரலை வாங்கியவர்க்கு அளித்திருக்க வேண்டும். ஆர்வலர்கள் வற்புறுத்திய பின்னரே நிரல் வெளியாயிற்று. அதனை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் ஓப்பன்டபிள்யுஆர்டி என்னும் புதிய திட்டம் பிறந்தது. இன்று பல நிறுவனங்களின் கருவிகளில் அது இயங்குகிறது. அடைத்து வைத்திருந்தால் ஒரு கருவியோடு முடிந்திருக்கக்கூடிய ஒன்று, திறந்தபின் பலருக்கும் பயன்படலாயிற்று.

இரண்டாவது, உண்மை சொல்லுதல். லிப்ரே ஆபிஸ் போன்ற மென்பொருளை எவரும் இணையத்திலிருந்து விலையின்றிப் பெறலாம். அதனை ஒருவர் வட்டில் பதிந்து, நிறுவிக் கொடுத்து, பயன்படுத்தக் கற்பித்து, அதற்குக் கூலி பெறுவது நேர்மையான தொழில். அதே மென்பொருளுக்கு வேறு பெயர் சூட்டி, தாமே ஆக்கியது போலக் காட்டி, விலையின்றிக் கிடைக்கும் என்பதை மறைத்து விற்பது அப்படியன்று. அங்கே விலை போவது மென்பொருளன்று, வாங்குபவரின் அறியாமை. பிறருடைய பொருளையும் தன்னுடையதைப் போலவே கருதும் வணிகரை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் போற்றுகிறார். இவ்வாணிகத்தில் சரக்கின் பெரும்பகுதி பிறர் உழைப்பே என்பதால், அவ்வறம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

மூன்றாவது, ஊற்றைக் காத்தல். உரிமம் இதனைக் கட்டளையிடவில்லை; அறமே கட்டளையிடுகிறது. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும் பிழை ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் கண்டறியப்பட்டது. வங்கிகளும் வணிகத் தளங்களும் தம் இரகசியத் தொடர்புகளுக்கு நம்பியிருந்த மென்பொருள் அது. அதற்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. அதன்மேல் கோடிகளை ஈட்டியோர் விபத்திற்குப் பின்னரே நிதி திரட்ட முன்வந்தனர். இலவசமாக எடுத்தது குற்றமன்று. கிணற்றில் நாள்தோறும் இறைத்தவர்கள் ஒருநாளும் தூர்வார வராததுதான் குறை.

இனி, எளிதில் தீராத வழக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டற்ற மென்பொருளை விற்றே வளரலாம் என்று உலகிற்குக் காட்டிய நிறுவனம் ரெட் ஹாட். 2019-இல் ஐபிஎம் அதனை ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 ஜூனில், தன் முதன்மை வெளியீட்டின் மூல நிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தி, வாடிக்கையாளருக்கு மட்டுமே அளிப்பதாக ரெட் ஹாட் அறிவித்தது. அவ்வாறு பெற்றவர் நிரலைப் பிறருக்கு வழங்கினால் ஒப்பந்தம் முறிக்கப்படலாம். ‘எங்கள் உழைப்பை அப்படியே படியெடுத்து, எதுவும் சேர்க்காமல் வெளியிடுவோரை நாங்கள் ஏன் தாங்க வேண்டும்’ என்பது நிறுவனத்தின் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்நிறுவனம் ஊதியம் கொடுத்து எழுதுவித்த நிரல்கள் பலருக்கும் பயன்பட்டுள்ளன. எனினும் அந்நிறுவனம் எழுதியவை மட்டும் அவ்வெளியீட்டில் இல்லை. உலகெங்கும் எண்ணற்றோர் எழுதியவையும் அதில் உண்டு. அவர்கள் இத்தகைய நிபந்தனை எதையும் விதிக்கவில்லை. உரிமையைக் கையில் கொடுத்து, ‘இதனைப் பயன்படுத்தினால் நம் உறவு முறியும்’ என்று சொல்வது, உரிமத்தின் எழுத்தைக் காக்கலாம். அதன் உயிரைக் காக்காது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அன்பர்களே, எழுதுபவன் பசித்திருக்க வேண்டும் என்று எந்த அறமும் கூறவில்லை. விற்கட்டும், ஈட்டட்டும். ஆனால் வாங்கியவர் நாளை தாமும் படிக்கவும், திருத்தவும், விற்கவும் இயலுமா என்று கேளுங்கள். இயலுமாயின் அவ்வாணிகம் நன்று. இயலாதாயின், விலை ஒரு ரூபாயே ஆனாலும், விலையே இல்லாமற் போனாலும், அது நன்றன்று.