எந்தச் சட்டத்தின் கீழ்?

(மாவட்டக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "பொலிஸ்காரர் வந்து, இந்தப் பக்கம் தலைகாட்டாதே, ஊரை விட்டுப் போ என்று சொன்னால் போய்த்தான் ஆக வேண்டுமா, அண்ணே?"

பதில் ஒரு பழைய வழக்கில் இருக்கிறது. அது தோட்டத்திலிருந்து கிளம்பிய வழக்கு.

1936இல் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்தார். தொழிலாளர்களோடு நெருங்கிப் பழகியதால் அந்த வேலை போனது. சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் மேடையேறித் துரைமாரின் சுரண்டலைப் போட்டு உடைத்தார். தங்கள் ஆளே இப்படிப் பேசினால் துரைமாருக்குப் பொறுக்குமா?

ஏப்ரல் 22ஆம் திகதி தேசாதிபதி ஸ்டப்ஸின் கட்டளை அவர் கைக்கு வந்தது. 48 மணித்தியாலத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. அவர் போகவில்லை, தலைமறைவானார். பொலிஸ் தேடிக்கொண்டிருக்க, மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையில் வந்து நின்றார்! சில நாட்களில் கைதானார்.

உடனே ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. எச்.வி. பெரேரா பணம் வாங்காமல் வாதாடினார். கட்டளைக்கு ஆதாரம் 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். யுத்தம் போன்ற அவசர நிலைக்குக் கொடுத்த அதிகாரம் அது, அமைதிக் காலத்தில் பிடிக்காதவரைத் துரத்துவதற்கு அல்ல என்றார்கள். மே 18ஆம் திகதி அவர் விடுதலையானார். தேசாதிபதியின் கையெழுத்தே நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே காலத்தில் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நம் ஆட்களுக்கு எந்த எச்.வி. பெரேரா வந்தார்?

இன்று நிலைமை வேறு. நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் பிரஜைகளுக்கு உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சொல்கிறது. "பிரஜை" என்ற சொல்லைக் கவனியுங்கள். 1978இல் அது எழுதப்பட்டபோது நம்மில் எத்தனையோ பேர் பிரஜைகளாக இருக்கவில்லை. கடைசியாக இருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வழி பிறந்தது.

ஆகவே தம்பி, பொலிஸ்காரர் போ என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எழுத்தில் தருவீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் பெயரையும் இலக்கத்தையும், நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். நீதவானின் கட்டளையோ பிணை நிபந்தனையோ என்றால் மீற வேண்டாம். அதையும் நீதிமன்றத்தில்தான் எதிர்க்க வேண்டும்.

சட்டமே இல்லாத கட்டளை என்றால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போகலாம். அதற்குத் தவணை ஒரு மாதம். தீபாவளி முடியட்டும், கொழுந்து சீசன் முடியட்டும் என்று இருந்தால் மாதம் ஓடிவிடும். தோட்ட நிர்வாகம் துரத்தினால் அது வேறு வழக்கு, வேறு வழி. இரண்டையும் குழப்ப வேண்டாம். எதுவானாலும் கையில் உள்ள துண்டை எடுத்துக்கொண்டு அதே வாரம் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.